கப்பற்பட்டியலில் ஓர் ஊர்ப்பெயர்: ஆய்க்குடியும் முன்னோர் தேடலும்

முன்னுரை

அமெரிக்காவில் தம் முன்னோரைத் தேடுவோர், 1790 முதல் எடுக்கப்பட்டுவரும் மக்கள்தொகைக் கணக்கையும் தேவாலயப் பதிவேடுகளையும் கொண்டு பின்னோக்கிச் செல்கின்றனர். மாறாது தொடரும் குடும்பப்பெயர் அவர்களுக்கு வழிகாட்டுகிறது. தமிழரிடையே தந்தையின் பெயரே முன்னெழுத்தாக அமைவதால் அடுத்த தலைமுறையில் அது மறைந்துவிடுகிறது. ஆகவே, கடல்கடந்து சென்ற தமிழரின் வழித்தோன்றல்களுக்கு ஊர்ப்பெயரே முதன்மைச் சான்றாகிறது. அச்சான்றைப் பயன்படுத்துவதில் எழும் சிக்கல்களைத் தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடியை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

கப்பற்பட்டியல் தரும் செய்திகள்

சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிச்சென்ற ‘துரூரோ’ என்னும் கப்பல் 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரை நேட்டாலுக்குச் சென்றோர் 1,52,184 பேர். அவர்களுள் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தின் வழியே சென்றவர்கள். கப்பற்பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் வழங்கப்பட்டு, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, உயரம், உடல் அடையாளம், மாவட்டம், ஊர் ஆகியவை குறிக்கப்பட்டன.

ஊர்ப்பெயரின் இரு சிக்கல்கள்

முதற்சிக்கல் ஒலிபெயர்ப்பு ஆகும். எழுத்தர்கள் தாம் கேட்ட ஒலியை ஆங்கில எழுத்தில் பதிந்தனர். ஆங்கில எழுத்தில் தென்காசிப் பகுதியின் ஆய்க்குடியும் பழனிக்கு அருகிலுள்ள ஆயக்குடியும் ஒன்றுபோலவே தோன்றக்கூடும். மாவட்டப் பெயரையும் சேர்த்து நோக்கினாலன்றி இவற்றைப் பிரித்தறிய இயலாது.

இரண்டாவது சிக்கல் ஆட்சியெல்லை. தென்காசி, சென்னை மாகாணத்தின் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. ஆய்க்குடியோ திருவிதாங்கூர் அரசின் செங்கோட்டை வட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1956 நவம்பர் 1 அன்றே அது சென்னை மாநிலத்தோடு இணைந்தது. 2019இல் தென்காசி மாவட்டம் உருவானது. இன்றைய வரைபடத்தை நம்பித் திருநெல்வேலி மாவட்ட ஆவணங்களில் மட்டும் தேடுவோர், திருவனந்தபுரத்திலுள்ள கேரள மாநில ஆவணக்காப்பகத்தைத் தவறவிட்டுவிடுவர்.

திருவிதாங்கூர் ஆவணங்கள் கொல்லம் ஆண்டைப் பின்பற்றுவன. அவ்வாண்டு ஆகஸ்ட் மாத நடுவில் தொடங்குவதால், அதனோடு டிசம்பர் வரை 824உம் அதன்பின் 825உம் கூட்ட வேண்டும். நிலவரித் திட்டத்திற்கான 1886ஆம் ஆண்டு அரச அறிவிப்பு, கொல்லம் 1061க்கு உரியதாவது இதனால்தான்.

பதிவில் இடம்பெறாதோர்

நிலவரிப் பதிவேடுகள் நிலத்திற்கு உரிமையுடையோரைக் குறிப்பவை. கூலிக்குச் சென்றோருள் பலர் நிலமற்றவர்கள். அத்தகையோரின் தந்தை பெயரும் உடல் தழும்பும் கப்பற்பட்டியலில் உள்ளன. சொந்த ஊரின் நிலவரிப் பதிவேட்டிலோ அவர்கள் பெயர் இராது. எனவே, ஊர்ப் பதிவேட்டில் பெயர் காணப்படாமையை மட்டும் கொண்டு ஒருவர் அவ்வூரினர் அல்லர் எனக் கொள்வது பிழையாகும்.

முடிவுரை

ஆய்க்குடி போன்ற எல்லையூர்களில் முன்னோரைத் தேடுவோர், அவர்கள் வாழ்ந்த காலத்தில் அவ்வூர் எவ்வரசின்கீழ் இருந்தது என்பதை முதலில் உறுதிசெய்தல் வேண்டும். அதன்பின் கப்பற்பட்டியலின் எண், தந்தை பெயர், மாவட்டம் ஆகிய மூன்றையும் ஒருங்கே ஒப்பிட வேண்டும். இவை பொருந்திய பின்னரும் ஊர்ப் பதிவேடு மௌனமாக இருப்பின், அம்மௌனத்தை நிலமற்றோரின் வரலாற்றுக்குரிய சான்றாகவும் கருத இடமுண்டு.