போட் மெயிலும் பாபேலும்

பாரிசில் இருக்கும் என் அக்காளுக்கு வயது 82. ஞாயிறுதோறும் மடிக்கணினியில் முகம் பார்த்துப் பேசுவோம். கூடத்து மேசையில் கம்பி இணைப்பு. முற்றத்துக்குப் போனால் வைஃபை. பேசிக்கொண்டே எழுந்து நடந்தால் பேச்சு அறுந்துவிடும். அக்காளுக்குக் காது மந்தம். போன மாதம் அப்படி அறுந்தபோது அவள் சொல்ல வந்தது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. மறுபடி அழைத்தபோது அவளுக்கும் மறந்துவிட்டது.

"கம்பிக்கு ஒரு முகவரி, வைஃபைக்கு ஒரு முகவரி தாத்தா. முகவரி மாறினால் பேச்சு அறுந்துவிடும்" என்றான் பேரன். எனக்குச் சட்டென்று போட் மெயில் நினைவுக்கு வந்தது.

1876-இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. கொழும்புத் தபால் இங்கே இறங்கிக் கப்பலேறியது. வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும் இந்தக் கொழும்புப் பாதைக்காகத்தான். 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும் தபால் தனுஷ்கோடி வழியாகப் போயிற்று. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் கப்பல் இராமேசுவரத்திலிருந்து புறப்பட்டது. வழி இரண்டு முறை மாறியும் கொழும்பு முகவரி மாறவில்லை.

கணினிக்கும் அதுவே மருந்து. மடிக்கணினிக்கு நிரந்தரமாக ஒரே முகவரி. அதை அடையும் வழியை மட்டும் ஒரு மென்பொருள் வீட்டு ரவுட்டருக்கு அவ்வப்போது சொல்ல வேண்டும். எதைத் தேர்ந்தெடுப்பது?

1988-இல் ஆவணப்படுத்தப்பட்ட ரிப், எத்தனை ரவுட்டர் தாண்டுகிறோம் என்று மட்டும் எண்ணும். அதற்குக் கம்பியும் வைஃபையும் ஒன்றே. செத்த வழியைக் கைவிட அதன் வழக்கமான கெடு 180 விநாடி. அதற்குள் அக்காள் தூங்கிவிடுவாள்! ஓ.எஸ்.பி.எஃப். ஒவ்வொரு ரவுட்டரிலும் வலைப்பின்னலின் முழு வரைபடத்தை வைத்திருக்கும். பெரிய அலுவலகத்துக்குச் சரி. ஓ.எல்.எஸ்.ஆர். பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் பிறந்தது. கம்பியில்லா வலைக்கென்றே 2003-இல் வெளியானது.

நாங்கள் எடுத்தது பாபேல். பாரிசில் யூலியுஷ் க்ரோபோசெக் வகுத்தது. முதல் ஆவணம் 2011, திருத்திய தரநிலை 2021. கம்பி இருந்தால் அதையே விரும்பும்; வைஃபையில் எவ்வளவு தொலைகிறது என்று அளந்து பார்க்கும். இரண்டு மேசைகளுக்கு நடுவே கோப்பு சுற்றிச் சுற்றி வருவதை என் உத்தியோக காலத்தில் நிறையவே கண்டவன் நான். செய்தி அப்படிச் சுற்றாதபடி பாபேலில் கண்டிப்பான விதி உண்டு.

ஒரு நிபந்தனை: எதிரில் இருக்கும் ரவுட்டருக்கும் பாபேல் தெரிந்திருக்க வேண்டும். பேரன் வீட்டு ரவுட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி ஏற்றி அதைச் சேர்த்தான். தெருவில் செல்போன் இணைப்புக்கு மாறினால் இது மட்டும் போதாது. நடுவில் சுரங்கம் போல வி.பி.என். வேண்டும். வெளியே போகாத என் போன்றோருக்குக் கவலையில்லை.

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படிக்கும்போது பாபேல் கோபுரக் கதையைப் படித்திருக்கிறேன்: மொழி குழம்பி மனிதர்கள் பிரிந்த கதை. அந்தப் பெயரில் இப்படி ஒன்று!

சென்ற ஞாயிறு, பேச்சின் நடுவே கம்பியைப் பிடுங்கிவிட்டு முற்றத்துக்கு நடந்தேன். அக்காளுக்கு ஒன்றும் தெரியவில்லை. அம்மா வைக்கும் மீன் குழம்பைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாள். கடைசிவரை கேட்டேன்.