சிறைவாயிலும் பின்கவனிப்பும்: போதைப் பழக்கமுடையோர் குறித்த இந்தியச் சட்ட வரலாறு

விடுதலை என்னும் சொல் சிறையினின்று வெளியேறுதலையும் போதைப் பழக்கத்தினின்று மீளுதலையும் ஒருங்கே சுட்டுவது. இந்தியச் சட்ட வரலாற்றிலோ இவ்விரு விடுதலைகளும் வெவ்வேறு வழிகளில் நடந்து வந்துள்ளன. சிறைச் சீர்திருத்தம் ஒரு துறையாகவும் போதை மருத்துவம் மற்றொரு துறையாகவும் வளர்ந்தன. இரண்டும் கூடியிருக்க வேண்டிய இடம் சிறைவாயில்.

1894ஆம் ஆண்டுச் சிறைகள் சட்டம் ஒழுங்கையும் கட்டுப்பாட்டையும் முதன்மையாகக் கொண்டது. எனினும் அதன் 26ஆம் பிரிவு, கடும் நோயுற்ற கைதியை, வெளியேறுதல் பாதுகாப்பானது என மருத்துவ அலுவலர் கருதும்வரை அவரது விருப்பத்துக்கு மாறாக வெளியே அனுப்பலாகாது என்றது. காலனியச் சட்டமொன்றில் இத்தகைய பரிவு இடம்பெற்றிருப்பது நோக்கத்தக்கது. போதைக்கு ஆட்பட்டோரை இப்பரிவு எட்டியதாகக் கொள்வதற்கில்லை. அபினியை 1878ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உரிமம் வழங்கி விற்கச் செய்த அரசுக்கு அது வருவாய்ப் பொருளாகவே இருந்தது.

சென்னை மாகாண நிருவாகத்தில் உயர்பதவி வகித்த அலெக்சாண்டர் கார்டியூ தலைமையிலான 1919-20ஆம் ஆண்டு இந்தியச் சிறைக்குழு, கைதியைத் திருத்துவதே சிறையின் நோக்கம் என்னும் கருத்தை முன்வைத்து, விடுதலையானோர்க்கு உதவுதல் பற்றியும் ஆராய்ந்தது. பின்னர் எம்.எஸ். கோரே குழுவும் (1954-55), நீதிபதி ஏ.என். முல்லா குழுவும் (1980-83) பின்கவனிப்பை வலியுறுத்தின. வேலை, தங்குமிடம், குடும்பத்தோடு மீண்டும் இணைதல் ஆகியவையே இச்சிந்தனை மரபின் மையம்.

1985ஆம் ஆண்டின் போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் மற்றொரு வழியைத் திறந்தது. நுகர்வுக்காகவோ சிறிய அளவு வைத்திருந்தமைக்காகவோ குற்றவாளி எனத் தீர்மானிக்கப்பட்ட போதைப் பழக்கமுடையவரை உடனே சிறைக்கு அனுப்பாமல், அவரது இசைவோடு, பிணைமுறி பெற்றுச் சிகிச்சைக்கு அனுப்ப 39ஆம் பிரிவு இடமளிக்கிறது. 71ஆம் பிரிவு சிகிச்சை, பின்கவனிப்பு, மறுவாழ்வு, சமூகத்தோடு மீளிணைப்பு ஆகியவற்றுக்கான மையங்களை அரசு ‘நிறுவலாம்’ என்கிறது. ‘நிறுவ வேண்டும்’ என்று கூறாத இவ்வினைமுற்றிலேயே சட்டத்தின் தயக்கம் புலனாகிறது. 39ஆம் பிரிவு சிறைக்குச் செல்லுமுன் பயன்படும் வாயில். சிறையினின்று வெளியேறுபவரை மையத்தில் சேர்ப்பிக்கும் கடமை எவருக்கும் இச்சட்டத்தில் விதிக்கப்படவில்லை.

இவ்விடைவெளி உயிரைப் பறிக்க வல்லது. சிறையில் ஓபியாய்டு கிடைக்காத நாள்களில் உடலின் தாங்குதிறன் குன்றுகிறது. வெளியேறியபின் பழைய அளவையே எடுத்துக்கொண்டால் மூச்சு ஒடுங்குகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1999க்கும் 2003க்கும் இடையே விடுதலையான 30,237 பேரைப் பற்றி 2007இல் வெளிவந்த ஆய்வு இதனை அளந்து காட்டியது. முதல் இரு வாரங்களில் அவர்களின் இறப்பு வாய்ப்பு பிற மக்களினும் 12.7 மடங்கு, மிகையளவு போதையால் நேரும் இறப்பு வாய்ப்போ 129 மடங்கு. 2011 முதல் ஸ்காட்லாந்து, விடுதலையாவோர் கையில் நாலாக்சோன் என்னும் மாற்று மருந்தைக் கொடுத்தனுப்பியது. அங்கு ஓபியாய்டு தொடர்பான இறப்புகளில், விடுதலையான நான்கு வாரத்துக்குள் நேர்ந்தவற்றின் பங்கு 9.8 விழுக்காட்டிலிருந்து 6.3 விழுக்காடாகக் குறைந்தது.

இந்தியாவில் 2008இல் தில்லித் திகார் சிறையில் புப்ரெனார்பின் வழி மாற்றுமருந்துச் சிகிச்சை தொடங்கப்பட்டது. சிறை மருத்துவமும் போதை மருத்துவமும் ஒரே கூரையின்கீழ் வந்த குறிப்பிடத்தக்க முயற்சி அது. அத்தகைய சிகிச்சை வெளியிலும் இடையறாது தொடர வேண்டுமாயின் விடுதலை நாள் முன்கூட்டியே தெரிந்திருத்தல் நலம். ஆனால் 2022ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். இவர்களுக்கு விடுதலை நாள் என ஒன்று குறிக்கப்படுவதில்லை. பிணை ஆணை எட்டும் நாளே வெளியேறும் நாள். தண்டனைக் காலத்தின் முடிவை எதிர்நோக்கி வகுக்கப்பட்ட பின்கவனிப்புத் திட்டங்களுக்கு இவர்கள் அகப்படுவது அரிது. 2023ஆம் ஆண்டின் மாதிரிச் சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் சட்டம் பின்கவனிப்பையும் மறுவாழ்வையும் பேசுகிறது. சிறை மாநிலப் பட்டியலுக்குரியதாதலின், அது ஒவ்வொரு மாநிலமும் ஏற்று இயற்றும் அளவிலேயே நடைமுறைக்கு வரும்.