முன்ஷியும் பந்தியும்: மதுரைச் சமவெளியில் அயல்நாட்டு இளம் மிஷனெரியின் அன்றாடம்

பழங்காநத்தத்திலிருந்து திருப்பரங்குன்றம் போகும் சாலையில் சற்றுத் தூரத்திலேயே பசுமலை வந்துவிடும். வில்லியம் டிரேசி என்ற அமெரிக்கர் 1842இல் திருமங்கலத்தில் தொடங்கிய செமினரியை 1845இல் இந்தக் குன்றின் அடிவாரத்துக்கு மாற்றினார். அப்போது பழங்காநத்தம் மதுரைக்கு வெளியே இருந்த கிராமம். கடல் கடந்து வந்த இளைஞர்கள் வண்டி கட்டிப் போன வழிகளில் இதுவும் ஒன்று. இவர்களைப் பற்றிய நூல்கள் மதமாற்றத்தையும் கல்விப்பணியையும் விரிவாகப் பேசுகின்றன. ஆனால் அவர்கள் காலையில் யாரிடம் பாடம் கேட்டார்கள், யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்ற இரண்டு கேள்விகளை ஓரத்தில் தள்ளிவிடுகின்றன. மதுரையில் நானூறு ஆண்டுகளாக நடந்த ஊழியத்தின் போக்கை இந்த இரண்டும்தான் அதிகம் தீர்மானித்தன என்பது இக்கட்டுரையின் வாதம். இன்று வெள்ளைச் சட்டையும் பெயர்ப்பட்டையுமாக உலகெங்கும் இருவர் இருவராக நடக்கும் மார்மன் இளைஞர்களின் நாளையும் இந்த வரிசையில் வைத்துப் பார்க்கலாம்.

வரிசையின் தொடக்கம் 1606. அந்த ஆண்டு நவம்பரில் ராபர்ட்டோ தெ நொபிலி மதுரைக்கு வந்தபோது அவருக்கு 29 வயது. ரோமில் உயர்குடியில் பிறந்தவர். பதினொரு ஆண்டுகளாக கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துக்கீசியக் குரு மதுரையில் இருந்துவந்தார். அவர் முன்னாள் படைவீரர். முத்துக்குளித்துறையிலிருந்து வந்து தங்கிய பரதவக் கிறிஸ்தவர்களைக் கவனித்துக்கொண்டாரே தவிர, உள்ளூர் மக்களில் எவரும் அவரை நாடிச் சேரவில்லை. பெர்னாண்டஸின் உடை, உணவு, பழகும் முறை எல்லாம் பறங்கியருடையவை. அந்த நாளில் மதுரையில் பறங்கி என்றால் மாட்டிறைச்சி தின்பவர், மது குடிப்பவர், குளிக்காதவர் என்றே பொருள்.

நொபிலி தம் அன்றாடத்தையே முழுவதும் மாற்றியமைத்தார். காவி உடுத்தார், மரப் பாதுகை அணிந்தார், பெர்னாண்டஸை விட்டுத் தனி இருப்பிடம் அமைத்துக்கொண்டார். நாளைக்கு ஒருவேளை மட்டும் சோறு, கீரை, பால். சமைத்தவர் பிராமணர். அவரிடம் முதலில் ஞானஸ்நானம் பெற்றவர், அவருக்குத் தமிழ் கற்பித்த பள்ளி ஆசிரியர். சமஸ்கிருதம் கற்பித்தவர் சிவதர்மர் என்ற தெலுங்குப் பிராமணர். நொபிலியின் சாதனை என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு இந்த இரு ஆசிரியர்களின் திண்ணைப் பாடங்களுக்கு உரியது. தத்துவ போதகர் என்ற பெயரில் அவர் எழுதிய ‘ஞானோபதேசம்’, ‘ஆத்தும நிர்ணயம்’ போன்ற உரைநடை நூல்கள் தமிழ் உரைநடை வரலாற்றில் இடம்பெற்றிருக்கின்றன. இயேசு சபை என்ற ஒரே சபையைச் சேர்ந்த இரு குருமார் ஒரே ஊரில் தனித்தனிப் பந்தியில் சாப்பிட்டதைப் பெர்னாண்டஸால் பொறுக்க முடியவில்லை. 1610இல் அவர் மேலிடத்துக்கு எழுதிய புகாரில் உடை, உணவு, பூணூல், சந்தனம் எல்லாம் இடம்பெற்றன. வழக்கு கோவா வழியாக ரோம் வரை போய், 1623 ஜனவரியில் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி நொபிலிக்குச் சாதகமாக ஆணை வெளியிட்ட பிறகே ஓய்ந்தது. ஒரு இளைஞனின் சாப்பாட்டு முறை ரோமில் விவாதமானது சாதாரணச் செய்தி அல்ல.

அதன் விலையையும் சொல்லியாக வேண்டும். உயர்சாதிப் பந்தியில் இடம் கேட்ட குரு, மற்றவர் வீட்டுக்குப் போக முடியாதவரானார். 1640 வாக்கில் பல்தசார் தா கோஸ்தா, பிராமணரல்லாத சைவத் துறவியரைப் போன்ற பண்டாரசாமி வேடத்தில் மற்றச் சாதியாரிடையே பணியாற்றத் தொடங்கியது இந்த இடைவெளியை நிரப்பத்தான். சாதியை ஊழியத்தின் நிர்வாக முறைக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தது மதுரை மிஷனின் ஆறாத குறை என்றே நான் கருதுகிறேன். 1693இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்ட அருளானந்தர் என்னும் ஜான் தெ பிரிட்டோவும், 1726இல் ‘தேம்பாவணி’யைப் பாடி முடித்த வீரமாமுனிவரும் இதே வாழ்க்கை முறையின் வாரிசுகள். 1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டது. 1838இல் பிரெஞ்சுக் குருமார் திரும்பி வந்து பணியை மீண்டும் தொடங்கினர்.

அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே மதுரைக்கு வேறொரு வகை இளைஞர்கள் வந்திருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் 1816 முதல் வேரூன்றியிருந்த அமெரிக்க போர்டு மிஷனைச் சேர்ந்த லெவி ஸ்பால்டிங் 1834 தொடக்கத்தில் மதுரையைப் பார்த்துப் போனார். அதே ஆண்டு ஹென்றி ஹாய்சிங்டனும் வில்லியம் டாடும், யாழ்ப்பாணத் தமிழ் உதவியாளர்களுடன் இங்கே வந்து இறங்கினர். அமெரிக்க மதுரை மிஷன் பிறந்தது யாழ்ப்பாணத் தமிழின் துணையோடுதான் என்பதை மதுரைக்காரர்கள் நாம் அதிகம் நினைப்பதில்லை.

இவர்களின் வாழ்க்கை அமைப்பே வேறு. நொபிலி தனியர். அமெரிக்க போர்டோ தன் ஆட்கள் மணமாகிப் புறப்படுவதையே விரும்பியது. கல்லூரி முடித்த ஒருவர் குருப்பட்டம் பெற்று, திருமணம் செய்து, சில வாரங்களில் கப்பல் ஏறுவதும் உண்டு. சூயஸ் கால்வாய் திறக்கப்பட்ட 1869க்கு முன் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி நான்கைந்து மாதக் கடற்பயணம். அப்படி வந்து சேர்ந்த இளம் தம்பதிகளின் முதல் வேலை பிரசங்கம் அல்ல, தமிழ்ப் பாடம். காலை நேரத்தில் முன்ஷி எனப்பட்ட மொழியாசிரியர் பங்களாவுக்கு வருவார். ஏட்டுப் பழக்கம் உள்ளவர், நன்னூல் தெரிந்தவர். எழுத்துக் கற்றுச் சந்தி பிரித்துப் படித்த பிறகு பேச்சுத் தமிழுக்கு வரவேண்டும். முன்ஷி சொல்லித்தந்த இலக்கணத் தமிழோடு சந்தையில் நின்றால் யாருக்கும் விளங்காது, சந்தைத் தமிழோடு மேடை ஏறினால் மதிப்பு இருக்காது. இந்த இரண்டுக்கும் நடுவே நடக்கக் கற்பதற்கு ஆண்டுகள் ஆயின.

மழைக்காலம் ஓய்ந்த பிறகு கூடாரப் பயணம். மாட்டுவண்டியில் கூடாரம், பாத்திரம், துண்டுப் பிரசுரக் கட்டு; உடன் உபதேசியார்கள். ஓர் ஊருக்கு வெளியே தோப்பில் சில நாள் தங்கி, விடியலில் சுற்றுக் கிராமங்களுக்குப் போய்ப் பேசி, வெயில் ஏறும் முன் திரும்பி, மாலையில் மறுபடி புறப்படுவார்கள். திருமங்கலம், மேலூர், திண்டுக்கல், பெரியகுளம், வத்தலக்குண்டு, மானாமதுரை என்று நிலையங்கள் விரிந்தன. கோடையும் காலராவும் இந்த அட்டவணையைக் கடுமையாகத் தாக்கின. முதல் பத்தாண்டுகளில் நேர்ந்த சாவுகளே மலையைத் தேட வைத்தன. 1845இல் கோடைக்கானலில் எழுந்த முதல் இரண்டு வீடுகள் இந்த மிஷன் கட்டியவை. இன்று சுற்றுலா ஊராக நாம் அறிந்த கோடைக்கானலின் தொடக்கம், இளம் தாய்மாரையும் குழந்தைகளையும் சமவெளிக் காய்ச்சலிலிருந்து காப்பாற்ற வேண்டும் என்ற அவசரத்தில் இருக்கிறது.

பந்தி விஷயத்தில் அமெரிக்கர்கள் நொபிலிக்கு நேர் எதிர்த் திசையில் போனார்கள். 1847இல், சாதி பாராமல் சேர்ந்து உண்ணச் சம்மதிப்பதைச் சபை உறுப்பினருக்கு நிபந்தனையாக்கினார்கள். உபதேசியார்கள் பலர் விலகினர், பசுமலைச் செமினரியிலும் மாணவர் குறைந்தனர். தம்மோடு ஊர் ஊராக நடந்தவர்களையே இழக்க நேரும் என்று தெரிந்தும் அந்த முடிவை எடுத்தார்கள். அதற்காக அவர்களை நான் மதிக்கிறேன். சபைக்குள் சாதி அதோடு ஒழிந்துவிடவில்லை. ஆனால் சேர்ந்து உண்ணுதல் கொள்கையாக எழுதப்பட்டது. பண்பாட்டுக்கு நெருங்கிவரும் முயற்சி அதன்பின் பாட்டின் வழியாக நடந்தது. 1853இல் எட்வர்ட் வெப், தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைச் சேர்த்து வெளியிட்ட தொகுப்பிலிருந்து தமிழ் இசையில் ஆராதனை இந்தச் சபைகளில் பரவியது.

பெண் மிஷனெரிகளின் நாள் தனிக் கட்டுரைக்கு உரியது. ஈவா ஸ்விஃப்ட் 1892இல் மதுரையில் பெண் வேதாகம ஊழியர்களுக்கென்று ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அங்கே பயின்ற தமிழ்ப் பெண்கள் வீடு வீடாகச் சென்று எழுத்தும் வேதமும் கற்பித்தனர். ஆண்கள் நுழைய முடியாத அடுப்படி வரை அவர்கள் போனார்கள். ஊழியத்தின் அன்றாடம் வெளிநாட்டவர் கையிலிருந்து உள்ளூர்ப் பெண்கள் கைக்கு மாறிய தெளிவான சான்று இது.

மார்மன்கள் தமிழ்நாட்டுக்கு முதலில் வந்ததும் இதே நூற்றாண்டில்தான், ஆனால் வேறு தயாரிப்போடு. பிந்தைநாள் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை, 1852 ஆகஸ்டில் சால்ட் லேக் நகரில் கூடிய மாநாட்டில் இந்தியாவுக்கு ஆட்களை நியமித்தது. அவர்களில் ரிச்சர்ட் பாலன்டைன் ஸ்காட்லாந்தில் பிறந்தவர், 1849இல் அந்நகரில் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியவர், 35 வயதுக் குடும்பஸ்தர். பணப்பை இல்லாமல் போய், போகிற இடத்தில் கிடைப்பதைக் கொண்டு வாழவேண்டும் என்பது விதி. 1853 ஏப்ரலில் கல்கத்தா அடைந்து, அங்கிருந்து ராபர்ட் ஸ்கெல்டனுடன் சென்னைக்கு வந்தார். இவர்களை அனுப்பிய அதே மாநாட்டில்தான் அந்தச் சபை பலதார மணத்தை வெளிப்படையாக அறிவித்திருந்தது. செய்தி அவர்களுக்கு முன்னே வந்து சேர்ந்தது. ஆங்கிலப் பத்திரிகைகள் எதிர்த்தன, கதவுகள் மூடின. அச்சிட்ட பிரசுரங்களோடு ஐரோப்பியச் சிப்பாய்களையும் ஆங்கிலம் அறிந்தவர்களையும் தேடி அலைந்து, 1854 நடுவில் பாலன்டைன் கப்பல் ஏறினார். அவர் நாளில் முன்ஷிக்கு இடமே இல்லை. தமிழ்நாட்டில் ஓராண்டு இருந்தும் தமிழ்நாட்டோடு அவர் பேசவில்லை. பலதார மணச் சர்ச்சையைவிட இதுவே அந்த முயற்சி வேர்விடாமல் போனதற்கு ஆழமான காரணம்.

அந்தச் சபையின் ஊழியர் அமைப்பு பிறகு முற்றிலும் மாறிவிட்டது. குடும்பத்தை விட்டுவரும் நடுவயதினருக்குப் பதிலாக மணமாகாத இளைஞர்கள் வந்தார்கள். 2012இல் புறப்படும் வயது ஆண்களுக்கு 18 ஆகவும் பெண்களுக்கு 19 ஆகவும் குறைக்கப்பட்டது. ஆண்களுக்கு இரண்டு ஆண்டுகள், பெண்களுக்குப் பதினெட்டு மாதங்கள். காலை 6.30க்கு எழுந்து உடற்பயிற்சி, சிற்றுண்டி, பின் தனிப் படிப்பு, துணைவரோடு படிப்பு, வேற்றுமொழி நாடானால் மொழிப் படிப்பு. பகல் முழுதும் வெளியே சந்திப்புகள். இரவு ஒன்பது, ஒன்பதரைக்குள் திரும்பி, 10.30க்கு விளக்கணைக்க வேண்டும் என்பதே நெடுங்காலம் இருந்த நியமம். துணைவரை விட்டுத் தனியே எங்கும் போகக்கூடாது. துணைவரைத் தேர்ந்தெடுப்பது மேலதிகாரி. 2019 பிப்ரவரி வரை ஆண்டுக்கு இரண்டு முறைதான் வீட்டாரோடு தொலைபேசியில் பேச அனுமதி. இப்போது வாரம் ஒருமுறை. பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இது எவ்வளவு நீண்ட பிரிவு என்பதைப் பிள்ளையை வளைகுடாவுக்கு அனுப்பிவைத்த நம் ஊர்த் தாய்மார் அறிவார்கள். நொபிலியின் தனிமைக்கும் பசுமலைத் தம்பதியின் குடும்பத்துக்கும் இடையில், இருபத்துநான்கு மணி நேரமும் பிரியாத இருவர் என்ற மூன்றாவது வடிவம் இது. ஐந்தாண்டு பத்தாண்டு தங்குகிறவர்களுக்கு முன்ஷி தேவைப்பட்டார். இரண்டே ஆண்டு தங்குகிறவர்களுக்காக மொழிப் பயிற்சி நிலையம் 1960களில் யூட்டாவில் உருவானது. பாடம் புறப்படும் முன்பே தொடங்கிவிடுகிறது.

பந்திக் கேள்வி இங்கே காபி டம்ளரில் வந்து நிற்கிறது. 1833இல் அந்தச் சபை ஏற்ற உணவு நெறிப்படி மதுவும் புகையிலையும் மட்டுமல்ல, தேநீரும் காபியும் விலக்கு. மதுரைப் பக்கம் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் வருவது காபிதான். அதை மறுப்பவர் உட்கார்ந்ததுமே தம்மை விளக்கிச் சொல்லவேண்டியவர் ஆகிவிடுகிறார். நொபிலி இந்த மண்ணின் உணவு விதிகளைத் தம்மேல் ஏற்றுக்கொண்டார். பசுமலைக்காரர்கள் அவற்றை உடைக்கச் சொன்னார்கள். மார்மன் இளைஞர் தம் உணவு விதியைக் கூடவே கொண்டுவருகிறார். மோரும் எலுமிச்சைச் சாறும் தாராளமாகக் கிடைக்கிற ஊரில் அது பெரிய தடையாகாது. ஆனால் முதல் சந்திப்பின் தொனியை அது மாற்றுகிறது.

இந்தியாவில் அந்தச் சபையின் இரண்டாம் தொடக்கம் வெளிநாட்டவரால் நடந்தது அல்ல. கோயம்புத்தூரில் சிமெண்ட் ஆலைக் கணக்கராக இருந்த பால் திருத்துவதாஸ், கையில் கிடைத்த ஒரு பிரசுரத்தைப் படித்துவிட்டுத் தாமே அமெரிக்காவுக்குக் கடிதம் எழுதினார். நீண்ட கடிதப் போக்குவரத்துக்குப் பின் 1965இல் ஞானஸ்நானம் பெற்றார். அந்தச் சபையின் செய்தியைத் தமிழாக்கும் வேலையிலும் அவர் கைவைத்தார். மார்மன் நூலின் தேர்ந்த பகுதிகள் 1982இல் தமிழில் வெளியாயின. ஓராண்டு சென்னையில் அலைந்த பாலன்டைனுக்கு வாய்க்காதது, ஒரு மிஷனெரியையும் அதற்குமுன் சந்தித்திராத தமிழர் ஒருவரின் மேசையில் நடந்தது. 1993 ஜனவரியில் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு தனி மிஷன் அமைந்தது.

மதுரையிலும் இரண்டாண்டுத் தங்கல் என்ற வடிவம் வேறு பெயரில் வந்தது. பசுமலையில் 1881இல் தொடங்கி பின்னர் நகருக்கு இடம்பெயர்ந்த அமெரிக்கன் கல்லூரியிலும், 1948இல் கேட்டி வில்காக்ஸ் நிறுவிய லேடி டோக் கல்லூரியிலும், ஓபர்லின் கல்லூரிப் பட்டதாரிகள் இளம் வயதில் வந்து தங்கி ஆங்கிலம் கற்பித்தார்கள். சீனாவில் இருந்த அவர்களின் பணி 1949 புரட்சிக்குப் பின் தடைப்பட்டதே அவர்களை இந்தப் பக்கம் திருப்பியது. இவர்கள் பிரசங்கம் செய்ய வந்தவர்கள் அல்லர். தமிழ் கற்றார்கள், மாணவர்களோடு உண்டார்கள்.

இன்று வெளிநாட்டு மிஷனெரிகளுக்கு இந்திய விசா எளிதில் கிடைப்பதில்லை. அதனால் இந்தியாவில் மார்மன் ஊழியத்துக்குப் பெயர்ப்பட்டை அணிந்து போகிறவர்களில் இந்திய இளைஞர்களே கணிசமானவர்கள். தெலுங்கு பேசும் மாவட்டங்களில் அந்தச் சபைக்கு உறுப்பினர் அதிகம். 2012இல் ஐதராபாத்தில்தான் நாட்டின் முதல் ஸ்டேக் என்ற மறைவட்டம் அமைந்தது. அங்கிருந்து தமிழ்நாட்டுக்கு அனுப்பப்படும் ஒருவருக்கு நொபிலியின் பிரச்சினைகளில் பாதி கிடையாது. உடையும் உணவும் பழகியவை. ஆனால் தமிழ் எழுத்தை அவரும் முதலெழுத்திலிருந்துதான் கற்கவேண்டும். அதற்கு ஒருவர் உட்கார்ந்து சொல்லித்தந்தாக வேண்டும்.