புது ஏஜென்ட் எந்த புரோக்கர்கிட்ட சேரணும்? கொஞ்சம் கமிஷன் வரலாறு

அமெரிக்காவுல இருக்குற நம்மாளுங்க வீடுகள்ல அடிக்கடி காதுல விழுற வசனம், "ரியல் எஸ்டேட் லைசென்ஸ் பரீட்சை பாஸ் பண்ணிட்டேன்". அடுத்த கேள்வி, "எந்த புரோக்கர்கிட்ட சேரலாம்?". இணையத்துல தேடினா ஆயிரம் பதில் கிடைக்கும். எனக்கென்னவோ பழைய கதை தெரிஞ்சா இந்தக் கேள்விக்குப் பாதி பதில் தானா வந்துடும்னு தோணுது. அதான் இந்தப் பதிவு.

முதல்ல அடிப்படை. அங்கே பரீட்சை பாஸ் பண்ணின கையோட தனிக்கடை போட முடியாது. புது ஏஜென்ட் ஒரு புரோக்கர் கீழதான் வேலை பார்க்கணும். கமிஷன் புரோக்கருக்குத்தான் போகும். அவர் எடுத்தது போக மீதிதான் ஏஜென்டுக்கு. இந்த லைசென்ஸ் சமாச்சாரம் ஒண்ணும் ஆதிகாலத்துல இருந்து வந்ததில்லை. கலிபோர்னியா 1917ல சட்டம் போட்டுச்சு, கோர்ட் அது செல்லாதுன்னுடுச்சு, 1919ல மறுபடி போட்டாங்க. மத்த மாநிலங்கள் ஒவ்வொண்ணா பின்னாடி வந்துச்சு.

ரொம்ப நாளைக்கு பாதிக்குப் பாதிங்கறதுதான் சகஜமான பங்கு. ஒரு கணக்கு பாருங்க. 40,000 டாலர் வீடு, 6% கமிஷன், ஆக 2,400. வாங்குறவர் பக்க புரோக்கருக்குப் பாதி போனா மிச்சம் 1,200. அதுல நம்ம புரோக்கர் 600, ஏஜென்ட் 600. அநியாயம்னு தோணும். ஆனா ஆபீஸ், போன், விளம்பரம், சொல்லிக் கொடுக்குற ஆள் எல்லாம் புரோக்கர் செலவு. மூணு மாசம் ஒண்ணுமே விக்கலைன்னாலும் ஏஜென்ட் அவருக்கு ஒரு பைசா தர வேண்டாம்.

இதை உடைச்சது 1973ல டென்வர்ல டேவ் லினிகரும் கெயில் மெயினும் ஆரம்பிச்ச ரீமேக்ஸ். இவங்க ஐடியா ரொம்ப சிம்பிள். கமிஷன் கிட்டத்தட்ட முழுசும் நீயே வச்சுக்கோ, மாசாமாசம் மேசை வாடகையும் ஆபீஸ் செலவுல உன் பங்கும் கொடுத்துடு. நம்மூர் வாடகை ஆட்டோ மாதிரி. ஓனருக்கு நாள் வாடகை கொடுத்தாச்சுன்னா மீட்டருக்கு மேல வாங்குனதும் உன்னோடதுதான் :-) ஆனா மழை பெஞ்சு சவாரி இல்லைன்னாலும் வாடகை வாடகைதான்.

இங்கேதான் விஷயமே இருக்கு. ரீமேக்ஸ் குறி வச்சது அனுபவசாலிகளை. மாசம் ரெண்டு மூணு வீடு விக்கிற ஆளுக்கு 50-50 நஷ்டம், மேசை வாடகை லாபம். புதுசா வந்தவருக்கு அப்படியே தலைகீழ். பழைய புரோக்கர்களுக்கு வயித்தெரிச்சல், ஏன்னா நல்லா விக்கிற நாலு பேர் கொண்டுவர்ற காசுலதான் அவங்க பத்துப் புதுசுங்களுக்குச் சொல்லிக் கொடுத்துட்டு இருந்தாங்க. அந்த நாலு பேரும் கிளம்பிட்டா?

நம்ம பாஷையில சொன்னா கன்சல்டன்சி கதை. பெஞ்சுல உக்கார வச்சு சம்பளம் தர்றவன் பில்லிங்ல அதிகம் புடுங்குவான். 90-10 தர்றவன் பெஞ்சுல இருக்கும்போது போனே எடுக்க மாட்டான்.

1971ல வந்த செஞ்சுரி 21 வேற ரூட். சின்னச் சின்ன லோக்கல் புரோக்கர்களுக்குப் பெயர்ப்பலகையும் தங்கக் கலர் கோட்டும் கொடுத்து ஒரே குடைக்குள்ள கொண்டுவந்தாங்க. 1983ல ஆஸ்டின்ல தொடங்கின கெல்லர் வில்லியம்ஸ் பின்னாடி நடுவழி ஒண்ணு பிடிச்சுது. பங்கு கொடு, ஆனா வருஷத்துக்கு ஒரு உச்சவரம்பு வரைக்கும்தான், அதுக்கு மேல வர்றது உனக்கு. கூடவே இன்னொண்ணு, நீ ஆள் சேர்த்தா லாபத்துல உனக்கும் பங்கு. 2009ல வந்த ஈஎக்ஸ்பி ஆபீஸ் கட்டடமே வேண்டாம்னுடுச்சு, ஆள் சேர்த்தா வருமானத்துலயே பங்குன்னுச்சு. அதனால "எங்க கம்பெனிக்கு வாங்க"ன்னு யாராவது பாசமா கூப்பிட்டா, நீங்க சேர்ந்தா அவங்களுக்கு என்ன கிடைக்கும்னு கேட்டுக்கறது நல்லது.

இந்தப் போட்டி நடக்கும்போதே 1982ல ஒரு வரிச்சட்டம் வந்துச்சு. லைசென்ஸ் இருந்து, எழுத்துல ஒப்பந்தம் போட்டு, நேரத்துக்கு இல்லாம விற்பனைக்குக் காசு வாங்குற ஏஜென்ட், மத்திய வரிக்கணக்குல ஊழியரே கிடையாது. வரியைப் பிடிச்சுக் கட்ட ஆள் இல்லை. முதல் செக் வர்ற வரைக்கும் வீட்டுச் செலவு உங்க பாடு. லைசென்ஸ் வாங்குற பலபேர் இந்த இடத்துலதான் மாட்டிக்கறாங்க.

அப்புறம் 2023 அக்டோபர்ல கன்சாஸ் சிட்டி ஜூரி, வாங்குறவர் பக்கத்துக் கமிஷனையும் விக்கிறவர் தலையில கட்டுற விதி கூட்டுச்சதின்னு தீர்ப்பு சொல்லி, 178 கோடி டாலர் நஷ்டஈடுன்னுச்சு. 2024 மார்ச்ல தேசிய ரியல்டர்கள் சங்கம் 41.8 கோடி டாலருக்கு சமரசத்துக்கு வந்துச்சு. 2024 ஆகஸ்ட் 17 முதல், வாங்குறவருக்கு வீடு காட்டுறதுக்கு முன்னாடியே எவ்வளவு ஃபீஸ்னு எழுத்துல ஒப்பந்தம் போடணும்.

புது ஏஜென்டுங்க பலர் வாங்குறவங்களை வச்சுத்தான் தொழிலைத் தொடங்குவாங்க. இனிமே முதல் சந்திப்புலயே "எனக்கு இவ்வளவு"ன்னு கூச்சமில்லாம சொல்லி, எதுக்குன்னும் விளக்கணும். அதைப் பக்கத்துல உக்காந்து சொல்லிக் கொடுக்க ஆள் இருக்குற ஆபீஸ் பாதிப் பங்கு கேட்டாலும், முதல் ரெண்டு வருஷத்துக்கு நான் அங்கேதான் போகச் சொல்வேன். 100% எங்கேயும் ஓடிடாது, மூணாவது வருஷம் பார்த்துக்கலாம்.