குழந்தைகளுக்கு ஊட்டக்குழாய் பொருத்தும் நுண்துளை அறுவை சிகிச்சை

வாயால் போதிய அளவு உண்ண முடியாத குழந்தைக்கு, மேல்வயிற்றுத் தோலின் வழியாக நேரே இரைப்பைக்குள் ஒரு குழாயைப் பொருத்தி உணவு செலுத்தும் சிகிச்சை இது. முன்பு வயிற்றைத் திறந்துதான் செய்தார்கள். இன்று எண்டோஸ்கோப்பி அல்லது லேப்ராஸ்கோப்பி வழியாகச் சில மில்லிமீட்டர் துளைகளே போதும். எண்டோஸ்கோப்பி முறையில் வைப்பதை மருத்துவமனைகளில் ‘பெக் டியூப்’ என்பார்கள்.

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்கே இது பெரும்பாலும் தேவைப்படுகிறது. ஒரு வேளை ஊட்ட ஒரு மணி நேரம் பிடிக்கிறது, ஊட்டும்போதெல்லாம் புரை ஏறுகிறது, நிமோனியா திரும்பத் திரும்ப வருகிறது, எடை ஏறவில்லை என்றால் குழாயைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. தசை நோய்களும், ஏறத்தாழ 3,000 முதல் 4,500 பிறப்புகளில் ஒன்றில் காணப்படும் பிறவி உணவுக்குழாய்த் துண்டிப்பில் சில வகைகளும் மற்றக் காரணங்கள். மூக்கு வழியாக விடும் ரைல்ஸ் டியூப் குறுகிய காலத்துக்கு நல்லது. சில வாரங்களைத் தாண்டியும் குழாய் தேவைப்படும் என்று தெரிந்தால் வயிற்றுக்கு மாறுவதைப் பரிசீலிக்க வேண்டும் என்பதே குழந்தை மருத்துவர்களின் பொதுவான நிலைப்பாடு. மூக்குக் குழாயோடு குழந்தையை மாதக்கணக்கில் வைத்திருப்பது, குழந்தை அதை இழுத்துப் போடும் ஒவ்வொரு முறையும் மீண்டும் நுழைப்பது, மூக்கும் தொண்டையும் புண்ணாவது எல்லாம் தவிர்க்கக்கூடிய துன்பங்கள்.

வரலாறு

இரைப்பையில் துளையிட்டு உணவூட்டலாம் என்ற யோசனையை நார்வே நாட்டு ராணுவ மருத்துவர் எகபெர்க் 1837இல் முன்வைத்தார். பிரான்சின் செடியோ 1849இல் செய்து பார்த்தார், நோயாளி பிழைக்கவில்லை. 1870களின் நடுப்பகுதியில்தான் பிழைத்தவர்கள் வந்தார்கள். அமெரிக்காவின் ஸ்டாம் 1894இல் வகுத்த திறந்த அறுவை முறை இன்றும் வழக்கொழியவில்லை.

பெரிய திருப்பம் ஒரு கைக்குழந்தையால் வந்தது. 1979 ஜூன் 12 அன்று, கிளீவ்லாந்தின் ரெயின்போ குழந்தைகள் மருத்துவமனையில், குழந்தை அறுவை மருத்துவர் மைக்கேல் கௌடரரும் எண்டோஸ்கோப்பி வல்லுநர் ஜெஃப்ரி பான்ஸ்கியும் நாலரை மாதக் குழந்தை ஒன்றுக்கு வயிற்றைத் திறக்காமலேயே குழாய் வைத்தார்கள். இன்று பக்கவாதம் வந்த முதியவர்களுக்கு உலகெங்கும் செய்யப்படும் பெக் சிகிச்சை குழந்தைக்காகவே பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. தோலோடு தோலாகப் படிந்திருக்கும் ‘பட்டன்’ குழாயும் 1980களில் கௌடரரிடமிருந்தே வந்தது.

இந்தியாவில் லேப்ராஸ்கோப்பி வழிப் பித்தப்பை அறுவை 1990இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டெஹெம்டன் உத்வாடியாவோடு தொடங்குகிறது. அடுத்த ஆண்டே கோவையில் சி. பழனிவேலு லேப்ராஸ்கோப்பி அறுவையைத் தொடங்கினார். பின்னர் அவர் நிறுவிய ஜெம் மருத்துவமனை நாடெங்குமுள்ள மருத்துவர்கள் பயிற்சிக்கு வரும் இடமானது. திருப்பூர் வட்டாரத்தில் ஈரோடு–கோவை ரயில் பாதையில் இருக்கும் ஊத்துக்குளிக்கு, நுண்துளை அறுவையின் முக்கியமான இந்திய மையங்களில் ஒன்று அடுத்த மாவட்டத்திலேயே அமைந்திருக்கிறது.

செய்முறை

எண்டோஸ்கோப்பி முறையில், மயக்க மருந்து கொடுத்தபின் கருவியை வாய் வழியாக இரைப்பைக்குள் இறக்கிக் காற்றால் விரிப்பார்கள். கருவியின் வெளிச்சம் வயிற்றுத் தோலில் ஒளிரும் இடத்தில் விரலால் அழுத்திப் பார்த்து, ஊசி குத்தி, கம்பியோ நூலோ செலுத்தி, அதை வாய் வழியாக வெளியே எடுப்பார்கள். குழாயை அதில் கட்டி இழுத்தால் அது தொண்டை, இரைப்பை கடந்து வயிற்றுத் தோலில் வந்து நிற்கும்.

இதில் ஒரு குருட்டுக் கணம் உண்டு. இரைப்பைக்கும் வயிற்றுச் சுவருக்கும் இடையில் பெருங்குடல் சிக்கியிருந்தால் ஊசி அதையும் துளைத்துவிடும். முதுகெலும்பு வளைந்த குழந்தைகளிடமும் ஏற்கெனவே வயிற்று அறுவை நடந்தவர்களிடமும் இந்த ஆபத்து கூடுதல். லேப்ராஸ்கோப்பியில் அந்தக் குருட்டுக் கணம் இல்லை. தொப்புள் வழியாக 3 அல்லது 5 மில்லிமீட்டர் கேமரா, குறைந்த அழுத்தத்தில் கரியமில வாயு, இடது விலா விளிம்புக்குக் கீழே ஒரு துளை: அவ்வளவுதான். இரைப்பையின் முன்சுவரைப் பிடித்து வயிற்றுச் சுவரோடு தையலிட்டு நிறுத்தி, கண்ணெதிரே கம்பி செலுத்தித் துளையை அகட்டி, பட்டன் குழாயை அன்றே பொருத்திவிடலாம். சிறு குழந்தைகளுக்கு 12 அல்லது 14 ஃபிரெஞ்சு அளவுக் குழாய் வழக்கம். 14 என்பது ஐந்து மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவான தடிமன். இரு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகள், குழந்தைகளில் பெரிய சிக்கல்கள் லேப்ராஸ்கோப்பியில் குறைவு என்றே காட்டுகின்றன. வசதி இருக்கும் இடத்தில், குறிப்பாக மிகச் சிறிய குழந்தைகளுக்கு, அதையே தேர்வதுதான் சரி.

கடும் எதுக்களிப்பு உள்ள குழந்தைகளுக்கு இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றி மடித்துத் தைப்பதும் உண்டு. முன்பு பலருக்கும் சேர்த்தே செய்தார்கள்; இப்போது தேவையானவர்களுக்கு மட்டும்.

சாயத் தொழில் வட்டாரமும் காரமும்

திருப்பூர் வட்டாரத்தில் இந்தச் சிகிச்சைக்குத் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒரு காரணம் இருக்கிறது. பிளீச்சிங், சாயப் பட்டறைகளில் காஸ்டிக் சோடாவும் அமிலங்களும் புழங்குகின்றன. கழிவறை கழுவும் ஆசிட் எந்த வீட்டிலும் இருக்கும். இவற்றைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்கும் வழக்கம்தான் குழந்தைகளுக்கு எமன். காஸ்டிக் சோடா போன்ற காரம் உணவுக்குழாயின் சுவரை ஆழமாக அரித்துச் செல்லும். சில வாரங்களில் தழும்பு சுருங்கி, தண்ணீர்கூட இறங்காத அளவுக்குப் பாதை குறுகலாம்.

இந்தக் குழந்தைகளுக்கு வயிற்றுக் குழாய் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, பசியாற்றுவது. மற்றொன்று, குறுகிய பாதையைக் கீழிருந்து மேலாக அகட்டுவதற்கு வழி தருவது. மேல்பாதை அடைபட்டிருந்தால் எண்டோஸ்கோப்பி முறைக்கு இடமில்லை. லேப்ராஸ்கோப்பியோ திறந்த அறுவையோதான். பின்னாளில் இரைப்பையையே மேலே இழுத்து மாற்று உணவுக்குழாயாக்க நேரிடலாம் என்பதால், அதன் பெரிய வளைவை ஒட்டிய ரத்த நாளங்கள் சேதமாகாத இடத்தில் துளையிட வேண்டும். காரமோ ஆசிடோ குடித்த குழந்தையை வாந்தியெடுக்க வைக்கவே கூடாது. எலுமிச்சைச் சாறோ உப்புத் தண்ணீரோ கொடுக்காமல், பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

வீட்டுப் பராமரிப்பு

அறுவை முடிந்த ஓரிரு நாட்களுக்குள் பெரும்பாலும் உணவு தொடங்கிவிடலாம். கடினமான பகுதி வீட்டில்தான். அம்மா பனியன் கம்பெனிக்குப் போனால் ஊட்டுவது ஆத்தாவாகவோ அப்புச்சியாகவோ இருக்கலாம். ஆகவே டிஸ்சார்ஜுக்கு முன் வீட்டில் ஊட்டப்போகிறவருக்கே செவிலியர் செய்து காட்ட வேண்டும். ஊட்டும்போதும் அதன்பின் அரை மணி நேரமும் தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். ஊட்டுவதற்கு முன்னும் பின்னும் கொதித்து ஆறிய நீரால் குழாயை அலச வேண்டும்.

தண்ணீராக வடித்த கஞ்சியால் வயிறு நிறையும், எடை ஏறாது. ராகிக் கூழ், பருப்பு, பால் எதுவானாலும் நைசாக அரைத்து வடிகட்டினால்தான் குழாய் அடைக்காது. ஊத்துக்குளி வெண்ணெய்க்குப் பேர்போன ஊர். பிள்ளை தேறட்டும் என்று அதைக் குழாயில் விட்டால் உள்ளே உறைந்து அடைத்துக்கொள்ளும். கொழுப்பு எவ்வளவு, எந்த வடிவில் என்பதை உணவியல் நிபுணர் சொல்ல வேண்டும். மருத்துவர் பாதுகாப்பு என்று சொன்னால் வாயாலும் சிறிது சுவைக்கக் கொடுக்கலாம்; கொடுக்க வேண்டும். குழாய் வைத்தால் பிள்ளை இனி சாப்பிடவே சாப்பிடாது என்ற அச்சம்தான் பல குடும்பங்களைத் தயங்க வைக்கிறது. அந்தத் தயக்கத்துக்குள் கரையும் எடையை மீட்பது எளிதல்ல.

பட்டன் குழாயை உள்ளே நிறுத்துவது நீர் நிரப்பிய சிறு பலூன். அது உடைந்து குழாய் வெளியே வந்துவிட்டால் என்ன செய்வது என்பது காலத்தைப் பொறுத்தது. அறுவை முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தால் வீட்டில் எதையும் நுழைக்கக் கூடாது. பாதை உறுதிப்படாததால் குழாய் இரைப்பைக்கு வெளியே போய், உணவு வயிற்றறைக்குள் கொட்டி உயிருக்கே ஆபத்தாகலாம். பாதை உறுதிப்பட்ட பிறகு நிலைமை நேர்மாறு: துளை சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கும், உடனே மாற்றுக் குழாயோ ஃபோலி எனும் சிறுநீர்க் குழாயோ நுழைத்துத் துளையைக் காக்க வேண்டும்.

செலவுக்கு 2012இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இடமுண்டா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்கலாம். ஊத்துக்குளிக்குப் பக்கத்தில் பெருந்துறையில் அரசு ஈரோடு மருத்துவக் கல்லூரியும், 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. ஆனால் இரவில் குழாய் கழன்ற குழந்தையோடு பெற்றோர் முதலில் ஓடுவது உள்ளூர் மருத்துவமனைக்குத்தான். வட்டார மருத்துவமனை ஒவ்வொன்றிலும் 12, 14 அளவு ஃபோலி குழாய்களும், அவற்றை எப்போது நுழைக்கலாம், எப்போது கூடாது என்று அறிந்த ஒரு செவிலியரும் இருக்கும்படி சுகாதாரத் துறை செய்ய வேண்டும்.