வன்னியில் அறுபட்ட வம்சாவளியும் ஒரு மரபணுவும்

1895ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக நோயியலாளர் ஆல்ட்ரெட் வார்தினிடம் ஒரு தையற்காரப் பெண், தன் குடும்பத்தில் பலரும் புற்றுநோயால் மடிந்ததாகவும் தானும் அவ்வாறே சாகப்போவதாகவும் சொன்னாள். வார்தின் அவளது உறவினரைத் தேடித் தொகுத்த கணக்கு 1913இல் வெளிவந்தது. அவள் சொன்னபடியே பின்னர் கருப்பைப் புற்றுநோயால் இறந்தாள்.

இத்தகைய வேறு குடும்பங்களை 1966இல் ஹென்றி லிஞ்ச் என்ற மருத்துவர் வெளிப்படுத்தினார். நோய் இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. காரணமான எம்எஸ்எச்2 மரபணு 1993இலும், எம்எல்எச்1 அடுத்த ஆண்டிலும் கண்டறியப்பட்டன. உயிரணு பிரியும்போது டி.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது. அப்போது நேரும் எழுத்துப் பிழைகளைத் திருத்துவதே இம்மரபணுக்களின் பணி. எங்கள் பத்திரிகைக் காரியாலயத்தில் ஒப்புநோக்குநர் வராத இரவில் அச்சான பக்கங்களை நினைத்துக்கொண்டால் போதும், மற்றது தானே விளங்கும். இத்திருத்தப் பொறிமுறையை விளக்கிய போல் மொட்ரிச், 2015இல் இரசாயனவியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பழுதான பிரதி பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது சேரும் வாய்ப்பு சரிபாதி.

நோயை ஐயுறுவதற்கு 1990இல் ஆம்ஸ்ரடாமில் வகுத்த விதி எளிமையானது: பெருங்குடற் புற்றுநோய் கண்ட மூன்று நெருங்கிய உறவினர், இரண்டு தலைமுறை, ஒருவராவது 50 வயதுக்குட்பட்டவர். குடும்ப வரலாறு தெரிந்தால்தான் இவ்விதி பயன்படும்.

வன்னியில் இதுவே சிக்கல். 1995இல் வலிகாமத்திலிருந்து வந்தவர்களும், 2008 முதல் கிளிநொச்சியிலிருந்து புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், பின்னர் செட்டிகுளம் முகாம்கள் என்று அலைந்தவர்களும் காணி உறுதியையே காப்பாற்ற முடியாதவர்கள். வைத்தியக் குறிப்புகளையா காத்திருப்பார்கள்? 2006 ஓகஸ்ட்டில் முகமாலை வழி மூடப்பட்டபின், மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போக ஓமந்தையைக் கடக்க வேண்டியிருந்தது. பெயரிடப்படாத "வயிற்று வருத்தம்" என்றே எத்தனையோ மரணங்கள் நினைவில் நிற்கின்றன.

இன்னொன்றையும் நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. எறிகணையில் 28 வயதில் மாண்டவர், 45இல் வந்திருக்கக்கூடிய நோயைக் காட்டாமலே போய்விட்டார். ஆம்ஸ்ரடாம் விதி தேடும் மூன்றாமவர் ஒருவேளை அவரேயாக இருக்கலாம். யுத்தம் இறந்தோரை மட்டுமல்ல, இருப்போருக்கான எச்சரிக்கையையும் அழித்தது என்பேன்.

2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து நிதி திரட்டி, தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுப்பினார்கள். வடக்கு நோயாளருக்குத் தூரம் குறைந்தது. ஆனால் வம்சாவளியின் மறுபாதி இப்போது ரொறன்ரோவிலும் பாரிஸிலும் லண்டனிலும் இருக்கிறது. அங்கே தம்பிக்கு எம்எல்எச்1 பழுது என்று தெரிந்தால், விசுவமடுவில் இருக்கும் அக்காவுக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும். தெரிந்தால் அவர் பரிசோதனை செய்துகொள்ளலாம். பழுது அவருக்கும் இருந்தால், ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை குடலை உள்நோக்கிக் கருவியால் பார்த்து, கட்டி முற்றுமுன் அகற்றலாம்.