மாயவரத்து முன்சீப்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போனில் பேசினார். அரசு அலுவலகத்தில் வேலை. பெயரும் துறையும் இங்கே வேண்டாம். "ஞாயித்துக்கெழம ஆலயத்துக்குப் போறனுங்க சார், ஜெபம் பண்றனுங்க. திங்கக்கெழம மேசைக்கடியில கவர் வருதுங்க. வாங்காட்டி கூட இருக்கறவங்களே ஒதுக்கி வெக்கறாங்க. வேலைய விட்டுப்போட்டு ஊழியத்துக்குப் போயிரலாமான்னு இருக்குதுங்க" என்றார்.

ஊழியத்துக்குப் போவது நல்ல காரியம்தான். ஆனால் பரிசுத்தமாக வாழ அந்த நாற்காலியை விட்டு எழுந்தே ஆகவேண்டுமா? (பரிசுத்தம் என்பது சி.எஸ்.ஐ. பக்கத்துச் சொல். ஆர்.சி.க்காரர்கள் புனிதம் என்பார்கள். தேடுவது ஒன்றைத்தான்.) அவருக்குச் சொன்ன ஒரு மனிதரின் கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

தமிழின் முதல் நாவல் எது என்ற ஒரு மதிப்பெண் கேள்வி நினைவிருக்கும். பிரதாப முதலியார் சரித்திரம், 1879, மாயூரம் வேதநாயகம் பிள்ளை. பரீட்சையில் அத்தோடு அவர் கதை முடிந்துவிடும். அவர் கத்தோலிக்கர். 1826இல் திருச்சிப் பக்கம் குளத்தூரில் பிறந்தவர். கோர்ட்டில் ஆவணக் காப்பாளராகச் சேர்ந்து, மொழிபெயர்ப்பாளராகி, பிறகு மாவட்ட முன்சீப் ஆனார். தரங்கம்பாடி, சீர்காழி, மாயவரம் என்று வேலை பார்த்தார். மாயவரத்தில் மட்டும் 13 ஆண்டுகள்.

முன்சீப் கோர்ட்டு எப்படிப்பட்ட இடம் என்று நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் வரப்பு ஒரு முழம் நகர்ந்தால் அண்ணன் தம்பி எத்தனை வருடம் பேசாமல் இருப்பார்கள் என்று பார்த்தவர்கள் நாம். மாயவரமும் அப்படித்தான். காவிரித் தண்ணீர், நெல் வயல், பெரிய மிராசுதார்கள். நிலம், கடன், பாகம் என்று வருகிற வழக்கில் ஒரு வரித் தீர்ப்பு ஒரு குடும்பத்தையே தூக்கிவிடும் அல்லது கவிழ்த்துவிடும். அப்படிப்பட்ட கையைத் தேடிப் பணம் வராமல் இருக்குமா? பணமாக வராவிட்டாலும் வாழைத்தாராக, நெய்யாக வரும்.

1859இல் அவருடைய நீதிநூல் வெளிவந்தது. அதில் கைக்கூலி வாங்குவதைக் கண்டித்தும் பாடியிருக்கிறார். மேடைப் பேச்சாளர் லஞ்சத்தைத் திட்டுவது சுலபம். நீதிமன்ற உத்தியோகத்தில் இருந்துகொண்டு அதை அச்சில் போடுவது வேறு. நாளைக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினாலும் ஊர் அந்தப் புத்தகத்தை எடுத்துக் காட்டும்!

எனக்கு அவரிடம் இதைவிடப் பிடித்தது இன்னொன்று. சட்டமும் மேல்கோர்ட்டுத் தீர்ப்புகளும் இங்கிலீஷில் இருந்தன. வழக்குக்கு வருகிறவனுக்கு அது தெரியாது. தன் நிலம் ஏன் போனது என்பதையே இன்னொருவன் சொல்லித்தான் அவன் தெரிந்துகொள்ளவேண்டும். பிள்ளை 1861 வரை சதர் கோர்ட்டு சொன்ன தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து, சித்தாந்த சங்கிரகம் என்று வெளியிட்டார். பின்னாளில் நாவலிலும் இதை விடவில்லை. கட்சிக்காரன், வக்கீல், நீதிபதி எல்லாரும் தமிழர்களாக இருந்தும் வாதம் மட்டும் இங்கிலீஷில் நடப்பதைச் சிரிக்கச் சிரிக்கக் கேலி செய்திருக்கிறார். இதில் பரிசுத்தம் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். கறை படாமல் ஒதுங்கி நிற்பது பாதிதான் என்பேன். எதிரே கைகட்டி நிற்கிறவனுக்கு அவனுடைய நியாயம் புரியவேண்டுமே என்று ராத்திரி விளக்கில் உட்கார்ந்து எழுதுகிற உழைப்பையும் நான் அதில் சேர்ப்பேன்.

1878இல் சர்வ சமய சமரசக் கீர்த்தனை வந்தது. கடவுள் துதியோடு குடும்பத்தைப் பற்றியும் உத்தியோகத்தைப் பற்றியும் அதில் கீர்த்தனைகள் இருக்கின்றன. ஆபீசையும் அடுப்பங்கரையையும் துதிப் பாட்டுப் புத்தகத்துக்குள் கொண்டுவந்தவர் அவர். எல்லாவற்றையும் நான் ஒப்புக்கொள்கிறேன் என்று நினைக்காதீர்கள். பெண்கள் படிக்கவேண்டும் என்று வாதாடியவர், பெண்மதி மாலையில் புருஷனுக்கு அடங்கி நடக்கச் சொல்கிற இடங்களைப் படித்தால் என் மாணவிகள் சண்டைக்கு வருவார்கள்.

வேலையில் இருந்துகொண்டே பக்தியாக வாழலாம் என்று பிரான்சிஸ் டி சேல்ஸ் 1609லேயே புத்தகம் எழுதினார். ஆனாலும் புனிதம் என்றால் மடம், துறவு என்ற எண்ணமே வெகுகாலம் ஓங்கியிருந்தது. எல்லோருக்கும் அந்த அழைப்பு உண்டு என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஓர் அதிகாரமே எழுதியது 1964இல். இல்லறத்தில் வாழ்ந்த நட்டாலம் தேவசகாயம் பிள்ளைக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது 2022 மே 15இல். நம் வள்ளுவர் இல்லறத்தை முன்னால் வைத்துத்தான் துறவறத்துக்கே போனார். மாயவரத்து முன்சீப்புக்கு இந்தப் பட்டம் எதுவும் இல்லை.

1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். கொங்கு நாட்டையும் உலுக்கிய பஞ்சம். நம் பாட்டிமார் வழியாகக் கேட்டிருப்பீர்கள். அப்போது பிள்ளை உத்தியோகத்தில் இல்லை. அதிகாரம் போய்விட்டது, இருந்தது சொந்தப் பணம். அதைக் கொண்டு கஞ்சி ஊற்றினார். அந்தக் கஞ்சிக்கு வந்தவர்களில் அவர் கோர்ட்டில் தோற்றுப்போனவர்களும் இருந்திருப்பார்களோ என்று அடிக்கடி நினைப்பேன். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அப்போது மாயவரத்தில் இருந்தார். சிவபக்தர். மனிதரைப் பாடுகிற பழக்கம் அவ்வளவாக இல்லாதவர். இந்தக் கத்தோலிக்கரைப் பற்றி அவர் ஒரு கீர்த்தனை பாடினார்.